மேடையிற் பிறந்த இசைத்தட்டுகள்

தாயகம் விட்டு வந்து குடியேறிய நம்மவர் இல்லங்கள் பலவற்றில் இரண்டு இசைகள் ஒருங்கே வாழ்கின்றன. கூடத்தில் அரியக்குடியோ மதுரை மணியோ பாடிக்கொண்டிருப்பார். உள்ளறையில், சாத்திய கதவுக்குப் பின்னால், மின்சாரக் கிதார் முழங்கிக்கொண்டிருக்கும். "அதென்ன இரைச்சல்?" என்று கூடத்திலிருந்து குரல் எழுந்தால் உள்ளறை சற்றே அடங்கும், கால் நாழிகையில் மறுபடியும் தலைதூக்கும். எழுபதுகளில் உள்ளறையில் இருந்தவர்கள் இன்று கூடத்துச் சாய்வு நாற்காலிக்கு வந்துவிட்டனர். எனினும், ராக் இசை என்றால் இளைஞர் கூத்து, செவிக்குக் கேடு என்னும் எண்ணம் நம் சமூகத்தில் முற்றும் மாறிவிட்டதாகக் கூறுவதற்கில்லை.

நாம் இரு அறைகளுக்கும் உரியவர்கள். மார்கழிக் கச்சேரிகளுக்காக விடுப்பெடுத்துச் சென்னைக்கு ரயிலேறியதும் உண்டு. ஓர் ஆங்கிலேயக் குழுவின் பழைய இசைத்தட்டுக்காக ஞாயிறு முழுதும் நடைபாதைக் கடைகளைத் துழாவியதும் உண்டு. இத்தனை ஆண்டுக் கேள்வியின் பயனாக நமக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்றுண்டு. ராக் இசையின் மெய்யான ஆற்றலை அறிய விரும்புவோர், பதிவுக் கூடத்தில் பலநாள் செதுக்கிய இசைத்தட்டை விட்டு, ஒரே இரவில் அவையோர் முன்னிலையில் வாசித்துப் பதிவான தட்டைக் கேட்க வேண்டும். இவ்வாறு கேட்கும் பயிற்சி வேறெவரினும் கச்சேரி ரசிகருக்கு நிரம்ப உண்டு. அவர் ஆலாபனையின் போக்கறிந்தவர். நிரவலுக்குக் காத்திருக்கத் தெரிந்தவர். நேற்றுப் பாடிய தோடி இன்று பாடும் தோடியன்று என்பதை உணர்ந்தவர்.

பழைய 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம் அல்லது சற்றே கூடுதலாக அடங்கும். அந்த அளவுக்குள் ஒரு கீர்த்தனையை அடக்குவதற்கு நம் வித்வான்கள் பட்ட பாடு பெரியோர் அறிந்ததே. ஆலாபனை ஒரு கீற்றாகிவிடும். கல்பனை ஸ்வரம் ஒரு பிடியாகிவிடும். 1949இல் வந்த 45 சுழற்சிச் சிறு தட்டும் ஏறத்தாழ இந்த அளவினதே. ராக் இசை வளர்ந்தது அச்சிறு தட்டிலும் வானொலியிலுமாதலின், மூன்று நிமிடத்தில் முடிவதே பாட்டு என்பது அங்கும் விதியாயிற்று. ஆனால் மேடையில் அந்த விதி இல்லை. 'டார்க் ஸ்டார்' என்னும் பாட்டு 1968இல் சிறு தட்டாக வந்தபோது மூன்று நிமிடத்தையும் எட்டவில்லை. மறு ஆண்டு பிப்ரவரியில் ஸான் பிரான்ஸிஸ்கோ அரங்கில் அதே குழு அதே பாட்டை வாசித்தபோது 23 நிமிடம் ஆயிற்று. பல்லவி ஒரு வரிதான். விரிவு எவ்வளவு என்பது வித்வானின் மனோதர்மத்தைப் பொறுத்தது. இதை நம் வாசகர்களுக்கு விளக்கவும் வேண்டுமோ?

அந்தக் குழுவின் பெயர் கிரேட்ஃபுல் டெட். பெயர் கண்டு அஞ்ச வேண்டா. அநாதையாய்க் கிடந்த பிணத்திற்கு வழிப்போக்கன் ஒருவன் தன் கைப்பொருளைச் செலவிட்டு அடக்கம் செய்விக்க, அந்த இறந்தவன் பின்னர் நன்றி மறவாது வந்து உதவுவதாக நாடோடிக் கதைகள் பல உண்டு. அவற்றிலிருந்து எழுந்த பெயர் அது. 1965இல் கலிபோர்னியாவில் தோன்றி, தலைமைக் கிதார் கலைஞர் ஜெர்ரி கார்ஸியா 1995 ஆகஸ்டில் மறையும் வரை, ஏறத்தாழ 2,300 கச்சேரிகள் நிகழ்த்திய குழு. சிறு பிராயத்தில் தமையன் விறகு பிளந்தபோது நேர்ந்த விபத்தில் கார்ஸியா தம் வலக்கை நடுவிரலின் பெரும்பகுதியை இழந்தவர். அந்தக் கையால் மீட்டியே அத்தகைய தெளிந்த நாதம் பிறந்தது.

இவர்கள் பதிவுக் கூடத்தில் செய்த தட்டுகளில் நம் மனம் பெரிதும் ஈடுபட்டதில்லை. ஒழுங்காக இருக்கும், உயிர் சற்றுக் குறைந்திருக்கும். மேடையிலோ, ஒரு நாள் வாசித்த வரிசையை மறுநாள் வாசிப்பதில்லை; ஒரு பாட்டிலிருந்து நிறுத்தாமல் மற்றொன்றுக்குள் நழுவிச் செல்வார்கள்; எங்கே போகிறார்கள் என்பது சில வேளை அவர்களுக்கே தெரியாது. பாடகர் சாகித்தியத்தை மறந்து தடுமாறிய இரவுகளும் உண்டு. சுருதி சேராத இரவுகளும் உண்டு. ஆயினும் பத்துக் கச்சேரியில் ஒன்றில், வானம் திறந்தாற்போல் ஏதோ ஒன்று நிகழும். அந்தப் பத்தாவது கச்சேரியைத் தவற விடலாகாது என்பதற்காகவே ரசிகர்கள் ஊர் ஊராக இவர்களைத் தொடர்ந்து சென்றனர். திருவையாற்றுக்கும் மியூசிக் அகாடமிக்கும் செல்வோர் இதை வியப்பாகக் கொள்ளார்.

அந்த ரசிகர்கள் ஒலிப்பதிவுக் கருவியையும் உடன் கொண்டு சென்றனர். பிற குழுவினர் அத்தகையோரைப் பிடித்து வெளியேற்றிய காலத்தில், இக்குழுவினர் பதிவு செய்ய இசைந்தனர். 1984இல் அதற்கெனவே அரங்கில் தனி இடமும் ஒதுக்கினர். நீண்ட கோல்களின் நுனியில் ஒலிவாங்கிகள் நாணற்காடு போல் நிற்கும். அவ்வாறு எடுத்த நாடாக்களை விலைக்கு விற்கலாகாது என்பது ரசிகர்களிடையே நிலவிய ஒழுக்கம். வெற்று நாடாவும் தபால் தலையும் அனுப்பினால், முன்பின் அறியாத ஒருவர் படியெடுத்து அனுப்புவார். பெற்றவர் அதை இன்னொருவருக்குப் படியெடுத்துத் தருவார். இசையைக் கொடையாகக் கொடுத்தால் தட்டு விற்பனை கெடும் என்று வணிகர் அஞ்சுவது வழக்கம். இங்கோ அந்நாடாக்களைக் கேட்டவர்களே பின்னர் நுழைவுச் சீட்டு வாங்கி அரங்கை நிறைத்தனர்.

குழுவின் ஒலிப்பதிவாளராக இருந்த பெட்டி கேண்டர் ஜாக்ஸன் என்னும் அம்மையாரின் கதையை இவ்விடத்தில் கூறியே ஆக வேண்டும். ஒலிவாங்கிகளின் இசையை மேடையிலிருந்தே நேராக இழுத்து அவர் பதிவு செய்த நாடாக்கள் தெளிவுக்குப் பெயர் பெற்றவை. பிற்காலத்தில் அவருக்குப் பொருள் முடை நேர்ந்தது; வாடகைக் கிடங்கில் வைத்திருந்த நாடாக்கள், வாடகை செலுத்தப்படாமையால், 1986இல் ஏலத்திற்கு வந்தன. பெட்டிக்குள் இருப்பது இன்னதென்பதை அறியாதோரும் அவற்றை ஏலத்தில் எடுத்தனர். சில நாடாக்கள் ஆண்டுக்கணக்கில் ஈரத்தில் கிடந்து பூஞ்சை பற்றின. ரசிகர்கள் தேடிப் பிடித்து, துடைத்து, உலர்த்தி மீட்டவை பல.

அவர் பதிந்தவற்றுள் 1977 மே 8ஆம் நாள் நியூயார்க் மாநிலத்துக் கார்னெல் பல்கலைக்கழகத்துப் பார்ட்டன் மண்டபத்தில் நடந்த கச்சேரி புகழின் உச்சியில் நிற்பது. மே மாதத்திலும் வெளியே பனி பெய்த இரவு அது. 'ஸ்கார்லெட் பெகோனியாஸ்' என்னும் பாட்டிலிருந்து 'ஃபயர் ஆன் தி மவுண்டன்' என்னும் பாட்டுக்குள் அவர்கள் கடந்து செல்லும் இடத்தை நாம் எத்தனை முறை கேட்டோம் என்பதற்குக் கணக்கில்லை; எந்த நொடியில் அக்கரை சேர்ந்தார்கள் என்று இன்றளவும் சுட்டிக்காட்ட இயலவில்லை. இறுதியில் வரும் 'மார்னிங் ட்யூ' அமைதியாகத் தொடங்கிப் பெருவெள்ளமாக முடிவது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தேசியப் பதிவுக் களஞ்சியத்தின் 2011ஆம் ஆண்டுப் பட்டியலில் இந்த நாடாவைச் சேர்த்தது. இசைத்தட்டு நிறுவனம் முறைப்படி வெளியிட்டதோ 2017இல்தான். நாற்பது ஆண்டுக்காலம் கைக்குக் கை மாறிய ரசிகர் படிகளிலேயே அது வாழ்ந்தது.

இனி, ஆல்மன் பிரதர்ஸ் குழு. ஒரே ஒரு தட்டைத்தான் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று எவரேனும் நம்மை நெருக்கினால், 1971 மார்ச்சு 12, 13 ஆகிய இரவுகளில் நியூயார்க் நகரத்து ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் இவர்கள் வாசித்ததைத்தான் எடுத்துக்கொள்வோம். அமெரிக்கத் தென் மாநிலத்துக் குழு. இரண்டு கிதார், இரண்டு டிரம், ஆர்கன், தாழ்ந்த சுருதிக்கு பாஸ். தமையன் டுவேன் ஆல்மன் கிதார் வாசிக்க, இளவல் கிரெக் பாடினார். டுவேன் தம் விரலில் மருந்துச் சீசா ஒன்றை மாட்டிக்கொண்டு தந்தியின்மேல் வழுக்கி வாசிப்பார். நம் கோட்டு வாத்தியத்தில் கட்டையைத் தந்தியின்மேல் நகர்த்திக் கமகம் பிறப்பிப்பதைக் கேட்டுப் பழகிய செவிக்கு, இந்தச் சீசாவின் ஜாலம் அந்நியமாகப் படாது. ஸ்வரத்திற்கும் ஸ்வரத்திற்கும் இடையே உள்ள இடமே அங்கும் உயிர்நிலை.

அத்தட்டில் 'இன் மெமரி ஆஃப் எலிசபெத் ரீட்' என்பது வாய்ப்பாட்டில்லாத உருப்படி. மேக்கன் நகரத்து இடுகாட்டில் ஒரு கல்லறையின்மேல் கண்ட பெயரை இட்டு, மற்றொரு கிதார் கலைஞரான டிக்கி பெட்ஸ் அமைத்தது. பதின்மூன்று நிமிடம். இரு கிதார்களும் முதலில் இணைந்து ஒரு மெட்டைப் பாடுகின்றன. பின்னர் ஒருவர் விரிக்க மற்றவர் ஒதுங்கி நிற்கிறார். ஆர்கனுக்கும் முறை வருகிறது. டிரம் இரண்டும் தனியாகப் பேசிய பிறகு அனைவரும் கூடி முடிக்கின்றனர். நம் தனி ஆவர்த்தனம் முடிந்து பல்லவி எடுக்குமிடத்தில் அவையில் எழும் நிறைவு இங்கும் எழுகிறது.

'விப்பிங் போஸ்ட்' என்னும் மற்றொரு பாட்டு, கூடத்தில் பதிந்தபோது ஐந்து நிமிடம். இங்கே 23 நிமிடம். மிருதங்கம் பயின்ற பெரியவர் ஒருவர் நம் குடியிருப்பில் உண்டு. ராக் என்றாலே முகம் சுளிப்பவர். ஒரு நாள் வேறு பணியாக வந்தவர், இப்பாட்டின் தொடக்கம் ஒலிக்கக் கேட்டு, பேசிக்கொண்டிருந்த பேச்சை நிறுத்தினார். விரல் தொடையில் தட்டத் தொடங்கிற்று. மூன்று, மூன்று, மூன்று, இரண்டு. "பதினொன்றல்லவா வருகிறது! யார் இவர்கள்?" என்றார். கிரெக் ஆல்மன் தாளக் கணக்கு ஏதும் அறியாமலே இதை அமைத்ததாகப் பின்னாளில் கூறியிருப்பதைச் சொன்னோம். "அறியாமல் செய்தால்தான் இவ்வளவு இயல்பாக வரும்" என்று சொல்லிவிட்டுப் பாட்டு முடியும் வரை உட்கார்ந்திருந்தார். பாடுமிடத்தில் பதினொன்று விலகி எளிய நடைக்கு வந்துவிட்டதில் மட்டும் அவருக்குச் சிறு மனக்குறை.

அந்தத் தட்டு 1971 ஜூலையில் வெளிவந்தது. அவ்வாண்டு அக்டோபர் 29ஆம் நாள் மேக்கன் நகரில் மோட்டார் சைக்கிள் விபத்தில் டுவேன் இறந்தார், வயது 24. மறு ஆண்டு நவம்பரில், அவ்விடத்திற்கு மிக அண்மையில், அதே வகை விபத்தில் பாஸ் வாசித்த பெர்ரி ஓக்லியும் இறந்தார்; அவர் வயதும் 24. பதிவாளர் டாம் டவுட் மார்ச்சு மாதத்து அந்த இரண்டு இரவுகளில் கருவிகளோடு அங்கு இருந்திராவிடில், அவ்விருவர் கைவண்ணத்தின் நிறைவு நமக்குக் கிட்டியிராது. இத்தட்டைக் கேட்கும்போதெல்லாம் இந்த எண்ணம் வராமலிருப்பதில்லை.

இங்கிலாந்தின் தி ஹூ குழுவினர் வேறு வகையினர். அமைதி அவர்களுக்கு ஆகாது. 1970 பிப்ரவரி 14ஆம் நாள் லீட்ஸ் பல்கலைக்கழகத்து உணவுக் கூடத்தில், ஆம், மாணவர் உணவருந்தும் கூடத்தில், அவர்கள் வாசித்தது 'லைவ் அட் லீட்ஸ்' என்று வெளிவந்தது. அதற்கு முன் அமெரிக்கப் பயணத்தில் எடுத்த நாடாக்கள் குவிந்து கிடந்தன. அத்தனையையும் கேட்டுத் தேர்ந்தெடுக்கும் அலுப்புத் தாங்காமல், அவற்றைத் தீயிட்டுக் கொளுத்திவிடச் சொன்னதாக பீட் டவுன்ஸெண்ட் தாமே கூறியிருக்கிறார். நெஞ்சு பதறுகிறது! அதன்பின் லீட்ஸிலும் மறுநாள் ஹல் நகரிலும் பதிவு செய்தனர். ஹல் பதிவில் சில பாட்டுகளுக்குப் பாஸ் விழாமற் போயிற்று. ஆகவே லீட்ஸ் நிலைத்தது.

தட்டின் உறை வெறும் பழுப்பு நிறம். மேலே முத்திரை குத்தியதுபோல் பெயர். திருட்டுத் தட்டு விற்போரின் உறையைக் கேலி செய்து அமைத்தது அது. கரகரப்பு ஒலி இருக்கிறது, திருத்த வேண்டா என்றும் தட்டின் நடுச்சீட்டில் எழுதியிருந்தனர். முதல் வெளியீட்டில் ஆறே பாட்டுகள். மூன்று வாத்தியம், ஒரு குரல், அவ்வளவே. ஆனால் கீத் மூன் டிரம் வாசிப்பது தாளம் காட்டுவதற்காக அன்று, ஜான் என்ட்விஸில் பாஸ் வாசிப்பது சுருதி தாங்குவதற்காகவும் அன்று. எல்லோரும் ஒரே நேரத்தில் தனி வாசிக்கிறார்கள், எனினும் குலையவில்லை. கூடப் பதிவில் மூன்று நிமிடமாக இருந்த 'மை ஜெனரேஷன்' இங்கே ஏறக்குறைய கால் மணி நேரம் ஓடுகிறது. இதை மெல்லிய ஒலியில் கேட்பதில் பயனில்லை. அண்டை வீட்டார் ஊருக்குச் சென்றிருக்கும் நாள் உகந்தது.

டீப் பர்ப்பிள் குழுவின் 'மேட் இன் ஜப்பான்' நம் நாட்டில் பலரறிந்தது. ஆதலின் சுருக்கமாகச் சொல்வோம். 1972 ஆகஸ்டு 15, 16 நாட்களில் ஒசாகாவிலும் 17இல் டோக்கியோவிலும் பதிவானது. குழுவினருக்கு அதில் அத்துணை விருப்பம் இருக்கவில்லை. ஜப்பானிய நிறுவனத்தார் வற்புறுத்தலுக்கு இசைந்தனர். கல்லூரி விடுதிகளில் கிதார் கற்கும் பிள்ளைகள் முதன்முதலில் வாசித்துப் பழகும் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' இதில் உள்ளது. 1971 டிசம்பரில் ஸ்விட்ஸர்லாந்தின் மான்ட்ரோ நகரத்துக் கேளிக்கை மண்டபத்தில் ஃப்ராங்க் ஸாப்பா குழுவினர் வாசிக்கையில் அவையிலிருந்த ஒருவன் தீவாணம் விட, மண்டபம் எரிந்தது. ஏரியின்மேல் புகை பரவியதைக் கண்ணாரக் கண்டு இவர்கள் எழுதிய பாட்டு அது. நாமோ 'சைல்ட் இன் டைம்' என்னும் பாட்டையே முதலிற் சொல்வோம். இயன் கில்லன் குரல் படிப்படியாக மேலேறும்போது, மேல்ஸ்தாயியைக் கண்டு அஞ்சாத நம் பழைய நாடக மேடைப் பாடகர்கள் நினைவுக்கு வருவர்.

லெட் ஸெப்பலின் குழுவின் மேடைத் தட்டு என்று பல்லாண்டு கிடைத்தது 1973இல் நியூயார்க்கில் பதிவாகி 1976இல் வந்தது ஒன்றே. நமக்கு அது சோர்வு தருவது. 1972 ஜூன் மாதம் கலிபோர்னியாவில் பதிவானவை 2003இல் 'ஹவ் தி வெஸ்ட் வாஸ் வன்' என்று வந்தபின்தான் அவர்கள் பெருமை விளங்கிற்று. அதே 1972இல் ஜிம்மி பேஜும் ராபர்ட் பிளாண்டும் பம்பாய்க்கு வந்து நம் நாட்டு வாத்தியக்காரர்களோடு இரண்டு பாட்டுகளைப் பதிவு செய்து பார்த்ததும், அவை 2015 வரை முறைப்படி வெளிவராததும் மும்பை அன்பர்களுக்குச் சுவையான செய்தி.

பாப் டிலனின் 1966 மே 17ஆம் நாள் கச்சேரியைக் கேட்பவர்கள் இசையோடு அவையையும் கேட்க வேண்டும். நாட்டுப்பாடல் பாடும் இளைஞராகப் போற்றப்பட்டவர், மின்கிதாரோடும் முழுக் குழுவோடும் மேடையேறியதை ஒரு சாரார் துரோகமாகக் கருதினர். மான்செஸ்டர் மண்டபத்தில், பாட்டுகளுக்கிடையே, ஏசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் பெயரைச் சொல்லி ஒருவர் கூவுவது நாடாவில் தெளிவாக விழுந்திருக்கிறது. டிலன் அதை மறுத்துரைத்து, உரக்க வாசிக்குமாறு குழுவினரை ஏவி, 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' பாட்டைத் தொடங்குகிறார். லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் நடந்தது என்னும் தவறான பெயரோடு திருட்டுத் தட்டாக உலவிய இது, முறைப்படி வெளிவந்தது 1998இல். வயலின் நம் மேடைக்கு வந்தபோது யார் என்ன கூவினரோ, பதிவுக் கருவி அன்று இல்லை! டிலன் நோபல் பரிசு பெற்றது 2016இல். அதற்கும் முன்பே, 1972 முதல், ஷில்லாங் நகரில் லூ மஜாவ் என்னும் காசியப் பாடகர் ஆண்டுதோறும் மே 24ஆம் நாள் டிலனின் பிறந்த நாளைப் பாட்டோடு கொண்டாடி வருகிறார். வடகிழக்கில் பணியாற்றும் நம்மவர் அம்மலை நகரில் இளைஞர் எவரைக் கேட்டாலும் ராக் இசை குறித்து ஒரு மணி நேரம் பேசுவதைக் கண்டிருப்பர்.

நம் நாட்டோடு நேரடித் தொடர்புடைய மேடைப் பதிவு ஒன்று உண்டு. 1971இல் கிழக்கு பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தனர். அவர்களுக்கு உதவ வேண்டி பண்டித ரவிசங்கர் தம் மாணவரும் நண்பருமான ஜார்ஜ் ஹாரிசனை நாட, அவ்வாண்டு ஆகஸ்டு 1ஆம் நாள் நியூயார்க் மாடிசன் சதுக்கத் தோட்ட அரங்கில் இரண்டு கச்சேரிகள் நடந்தன. ஹாரிசனோடு டிலன், எரிக் கிளாப்டன், ரிங்கோ ஸ்டார் முதலியோர் பங்கு கொண்டனர். முதலில் வாசித்தோர் ரவிசங்கர், அலி அக்பர் கான், அல்லா ரக்கா. வாத்தியங்களைச் சுருதி சேர்த்து நிறுத்தியதும் அவையோர் ஆரவாரமாகக் கைதட்டினர்! சுருதி சேர்ப்பதையே இவ்வளவு விரும்பினால் வாசிப்பை இன்னும் விரும்புவீர்கள் என்று நம்புவதாக ரவிசங்கர் சிரிப்புடன் சொல்வதும் தட்டில் பதிவாகியிருக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் இதைக் கேட்டு நகைப்பர், நகைக்கட்டும். ஆனால் அந்த அவை பின்னர் கால் மணி நேரம் அமைதியாகக் கேட்டது என்பதையும் மறவாதிருக்க வேண்டும்.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின் நடந்தது நமக்கு இன்னும் அணுக்கமானது. மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்னும் பெயரில் இடியென முழங்கிய ராக் குழுவை நடத்திய ஜான் மெக்லாஃப்ளின், டாக்டர் எஸ். ராமநாதனிடம் அமெரிக்காவில் வீணை பயின்றவர். மின்கிதாரைக் கீழே வைத்துவிட்டு, வீணையைப் போல் தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்க வாய்ப்பாகக் கட்டைகளுக்கிடையே குடைந்து அமைத்த கிதாரை எடுத்துக்கொண்டு, அவர் தொடங்கிய குழு சக்தி. வயலின் எல். சங்கர், கடம் டி. எச். விநாயக்ராம்; மிருதங்கம் ஆர். ராகவன், தபலா ஜாகிர் உசேன். 1975 ஜூலை 5ஆம் நாள் நியூயார்க் மாநிலத்து ஸவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரியே அவர்களுடைய முதல் தட்டு. 'ஜாய்' என்னும் முதல் உருப்படியில் 18 நிமிடம் வேகம் குறைவதே இல்லை. இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே உருப்படி, 29 நிமிடம்.

எல். சங்கரின் தந்தையார் வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்து வந்தவர். 1958 கலவரத்தின்பின் குடும்பத்தோடு சென்னைக்குப் பெயர்ந்தவர். ஊர் விட்டு ஊர் வந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் வயலின் அது. விநாயக்ராம் கடத்தை அணைத்துக்கொண்டு உட்காருகையில், மண்பானை என்று எண்ணிய மாணவர் கூட்டம் வாசிப்பு முடிந்ததும் எழுப்பும் ஓசையைத் தட்டிலேயே கேட்கலாம். மேலே கூறிய கிரேட்ஃபுல் டெட் குழுவின் டிரம் கலைஞர் மிக்கி ஹார்ட், 1991இல் வெளியிட்ட 'பிளானட் டிரம்' என்னும் தட்டில் விநாயக்ராமையும் ஜாகிர் உசேனையும் சேர்த்துக்கொண்டார். உலக இசைக்கென ஏற்படுத்திய கிராமி விருது முதன்முறையாக அத்தட்டுக்கே கிடைத்தது. உள்ளறைக்கும் கூடத்துக்கும் இடையே கதவு திறந்தே இருந்த இடம் இது. 2024 பிப்ரவரியில் சக்தி குழுவின் 'திஸ் மொமென்ட்' தட்டு கிராமி பெற்றபோது, விநாயக்ராமின் மைந்தர் செல்வகணேஷும், மும்பை செம்பூரில் வளர்ந்த சங்கர் மகாதேவனும், வயலின் கணேஷ் ராஜகோபாலனும் அக்குழுவில் இருந்தனர். அவ்வாண்டு டிசம்பர் 15ஆம் நாள் ஜாகிர் உசேன் மறைந்தார்.

இத்தட்டுகளைத் தேடி நாம் நடந்த கடைகள் பல இன்று இல்லை. மும்பை காலா கோடாவின் ரிதம் ஹவுஸ் 2016இல் மூடப்பட்டது. கல்கத்தா ஃப்ரீ ஸ்கூல் தெருவின் பழைய தட்டுக் கடைகளில் முழங்காலிட்டுத் தேடிய நாட்களைச் சொன்னால் இக்காலப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். அவர்களுக்கு எல்லாம் கைப்பேசியில் வந்துவிடுகிறது. கிரேட்ஃபுல் டெட் கச்சேரிகள் ஆயிரக்கணக்கில் இணைய ஆவணக்களஞ்சியத்தில் காசின்றிக் கேட்கக் கிடைக்கின்றன. புதிதாகக் கேட்கத் தொடங்கும் பெரியோர், சக்தியின் 'ஜாய்' உருப்படியில் தொடங்கி, எலிசபெத் ரீட் கேட்டு, பின்னர் கார்னெல் நாடாவுக்குச் செல்வது நலம். தி ஹூவைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் கைப்பேசியில் வாராதன சில நம் வீட்டுப் பரணில் இருக்கின்றன. எண்பதுகளில் நம்மவர் பலர், டீப் பர்ப்பிள் படியெடுத்த அதே வகைக் கேசட்டுகளில், உள்ளூர்ச் சங்கத்து நவராத்திரிக் கச்சேரிகளையும் இல்லத் திருமணத்து நாகசுரத்தையும் பதிந்து வைத்தனர். அவற்றிற்கு வேறு படி உலகில் எங்குமில்லை. மும்பை, கொல்கத்தா மழைக்காலத்து ஈரத்தில் பூஞ்சை பிடித்த நாடாவை அப்படியே ஓட்டினால் நாடாவும் கெடும், கருவியும் கெடும். முதலில் உலர்ந்த இடத்தில் சில நாள் வைத்து, வெண்படலம் தெரிந்தால் தேர்ந்தவரிடம் கொடுத்துத் துடைக்கச் செய்ய வேண்டும். பின்னர் ஒரு முறை முழுவதும் முன்னும் பின்னும் சுற்றி, நாடாவின் இறுக்கத்தைச் சீராக்கிக்கொண்டு, நல்ல கருவியில் ஒரே மூச்சில் கணினிக்கு மாற்றி, இரண்டு இடங்களில் சேமித்து வைக்கலாம். உறையின்மேல் தேதியும் ஊரும் பக்கவாத்தியக்காரர் பெயரும் எழுதியிருந்தால் அதையும் படம் எடுத்துக்கொள்க. அந்தச் செய்தி நாடாவில் பதிவாகியிராது.